சத்தம் தேய்வதற்கு ஒரு பாலிசி

தம்பி, மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களே அந்தப் பெட்டி, அதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?

திறந்து காட்ட வேண்டாம், திறந்து காட்ட வேண்டாம். பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. இந்தத் தடத்து பஸ்ஸில் கைப்பிள்ளையைக்கூட யாரும் இவ்வளவு பத்திரமாகப் பிடிக்க மாட்டார்கள். உள்ளே மைக், ரெக்கார்டர், வயர். சினிமாவுக்கா, கல்யாணத்துக்கா, எதற்காக இருந்தால் என்ன. கொஞ்சம் எழுந்து ஜன்னலோரம் போய்விடுங்கள், நான் இந்தப் பக்கம் வருகிறேன். இடது பக்கம் இருந்து பேசினால்தான் எனக்குச் சௌகரியம். வேறொன்றுமில்லை, இரைச்சல் பூராவும் டிரைவர் பக்கம் இருக்கிறது. ஆங், அப்படித்தான். இப்போது சொல்லுங்கள், இருக்கிறதா?

இல்லையா? அப்படியென்றால் திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் என்னைப் போல அடிபட்டவன் இந்த ஜில்லாவில் கிடையாது.

நான் சங்கரநயினார். சங்கரன்கோவிலில் நயினார் சவுண்ட் சர்வீஸ் என்னுடையதுதான். நீங்கள் சவுண்ட் இன்ஜினியர் என்பீர்கள், எங்கள் பக்கம் மைக்செட்காரன். கூம்பு ஸ்பீக்கரைத் தோளில் போட்டுப் பனைமரம் ஏறிக் கட்டிய காலத்திலிருந்து, இப்போது ஆள் உயரப் பெட்டி, மிக்ஸர், ரிமோட் மைக் வரைக்கும் பார்த்தாயிற்று. என் கூம்பு ஒன்று இருந்தது, அதைப் போல இனி ஒன்று பிறக்காது. ஒரு ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவில் அதை மேற்கே பார்த்துக் கட்டி சாயங்காலம் ஒரு அம்மன் பாட்டுப் போட்டேன். பாட்டு போய் மலையில் மோதித் திரும்பி வர மறுநாள் காலையாகிவிட்டது. நாங்கள் செட்டைக் கழற்றி வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், பாட்டு அப்போதுதான் ஊருக்கு வந்து சேர்கிறது. கமிட்டிக்காரர்கள் இதற்கும் தனி வாடகை கேட்பேனோ என்று பயந்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இன்னொரு தடவை ஆம்ப்ளிஃபயர் கிணற்றில் விழுந்துவிட்டது. விழுந்ததே தவிர நிற்கவில்லை, தண்ணீருக்குள் பாடிக்கொண்டே இருந்தது. வெளியே எடுத்த பிறகு பார்த்தால், அந்தக் கிணற்றுத் தவளைகளுக்குத் தாளம் பிடித்துப் போய், ஒன்றுகூடத் தப்பாகக் கத்துவதில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என் வாயைத் திறந்தால் பொய் வரும் என்று ஆவுடையே சொல்வாள். ஆவுடை என் வீட்டுக்காரி. ஆனால் இனிமேல் சொல்லப் போவது நிஜம். அதனால் சுவாரசியம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

என் செட்டிலிருந்து சத்தம் ஒழுக ஆரம்பித்தது.

ஆமாம், ஒழுகல்தான். டயரில் காற்று இறங்குகிற மாதிரி. ஒரே நாளில் போயிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். துளித்துளியாகப் போனால் யாருக்குத் தெரியும்? முதலில் மேல் சுதி போயிற்று. ஜால்ரா போயிற்று. சலங்கை போயிற்று. புல்லாங்குழல் இருந்த இடத்தில் ஊதுகிறவனுடைய மூச்சு மட்டும் மிச்சம். நான் என்ன செய்வேன், குமிழைக் கொஞ்சம் திருகுவேன். அடுத்த வேலையில் இன்னும் கொஞ்சம். ஸ்பீக்கருக்குள் இருக்கிற தகடு தேய்ந்துவிட்டது என்று புதுசு வாங்கிப் போட்டேன். அதுவும் அப்படியே. கடைக்காரன் பழையதைத் துடைத்துக் கொடுத்துவிட்டான் என்று அவனிடம் சண்டைக்குப் போனேன்.

இப்போதெல்லாம் எந்தச் சாமானும் சரியில்லை, தம்பி. வீட்டுக் குக்கர் இருக்கிறதே, அது விசில் அடிப்பதை நிறுத்திவிட்டது. ஆவி வருகிறது, விசில் வரவில்லை. மூடியை மாற்றினேன், வெயிட்டை மாற்றினேன். என் செல்போன் அடிப்பதில்லை, நடுங்குகிறது. குயில்கள் இரண்டு வருஷமாக எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. எல்லாம் கேரளாவுக்குப் போய்விட்டன என்று நினைக்கிறேன். பெண்கள் வேறு ஒரு பழக்கம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், கவனித்தீர்களா? வாயை மட்டும் அசைக்கிறார்கள். ஆவுடை அடுப்படியில் நின்று அசைப்பாள், நான் இங்கிருந்து தலையை ஆட்டுவேன். சில நாள் அதற்குக் கோபப்படுவாள். எதற்குக் கோபம் என்று கேட்டால் மறுபடியும் அசைப்பாள். ஒரு நாள் என் இடது பக்கம் வந்து நின்று, “பொட்டியில ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் காது போச்சு” என்றாள். முப்பது குடும்பத்துக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். அவ்வளவு தெளிவாக எனக்குக் கேட்டதே, அப்புறம் எப்படி என் காது போகும்? நீங்களே சொல்லுங்கள்.

அதோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

போன வருஷம் பூவாணிக்குளம் கொடை. பூவாணிக்குளம் தெரியுமா? இந்த ரோட்டில்தான், போகப் போக வரும். அம்மன் கோவில் கொடைக்கு என் செட்தான் எப்போதும். வேறு யாரையும் ஊருக்குள் விட மாட்டார்கள். மிக்ஸர் முன்னால் ஒரு மர நாற்காலி போட்டு வைப்பார்கள். அதில் நான் உட்காருவேன். என் மச்சினன் இசக்கிமுத்து, ஆவுடையுடைய தம்பி, வயர் இழுப்பது, ஸ்பீக்கர் ஏற்றுவது, வேன் ஓட்டுவது எல்லாம் அவன். நாற்காலி மட்டும் நான். அதில் வேறு ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மத்தியானக் கொடை. வில்லுப்பாட்டு நடக்கிறது. பேச்சிக்கனி என்று ஒரு அம்மாள், நல்ல கணீர்க் குரல். முன்பு. அன்றைக்குப் பார்த்தால் அவளும் வாயை அசைக்கிற கட்சியில் சேர்ந்துவிட்டாள். பெட்டியில் சத்தம் இல்லை, வேறென்ன. நான் குமிழைத் திருகினேன். இன்னும் திருகினேன். கொஞ்சம் வந்த மாதிரி இருந்தது.

அப்போது, தம்பி, கூட்டத்தில் ஒவ்வொருவராகக் காதைப் பிடிக்கிறார்கள். முன்வரிசைக் கிழவிகள் இரண்டு கையாலும் பிடிக்கிறார்கள். பின்னால் ஆம்பிளைகளும் பிடிக்கிறார்கள். சின்னப்பிள்ளைகள் குனிந்துகொண்டு பிடிக்கிறார்கள். கதையில் பிள்ளையார் வந்திருக்கிறார் போல, தோப்புக்கரணம் போடுகிறார்கள் என்று நினைத்தேன். நல்ல ஊர், பக்தியான ஊர் என்று நினைத்துக்கொண்டு நானும் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு என் காதைப் பிடித்துக்கொண்டேன்.

பேச்சிக்கனி வில்லை நிறுத்திவிட்டாள். வில்லில் தட்டுகிற வீசுகோலைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்து மைக்கில் ஏதோ சொல்கிறாள். உங்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாது, பாட்டுக்காரர்கள் நடுவில் நிறுத்தி, செட் அமைத்துக் கொடுத்த அண்ணாச்சிக்கு நன்றி என்று பெயர் சொல்லிச் சொல்வார்கள். அது ஒரு மரியாதை. அப்போது நாம் எழுந்து நிற்க வேண்டும். நான் எழுந்து நின்றேன். துண்டை இடுப்பில் கட்டினேன். கும்பிட்டேன். அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு, வில்லுக் கோஷ்டியைப் பார்த்து ஒன்று, ஊர்க்காரர்களைப் பார்த்து நாலு திசைக்கும் ஒவ்வொன்று. அவசரப்படாமல் கும்பிட்டேன். ஊர் பூராவும் என்னையே பார்த்தது. எல்லாரும் வாயை அசைத்தார்கள். கமிட்டிச் செயலாளர் வேலுக்கண்ணு கையை மேலும் கீழும் ஆட்டினார். உட்காருங்கள் அண்ணாச்சி, போதும் உங்கள் பணிவு என்கிறார் என்று நினைத்து அவருக்குத் தனியாக இன்னொரு கும்பிடு போட்டேன்.

இசக்கி எங்கிருந்தோ ஓடி வந்தான். என்னைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, மிக்ஸரில் கையை வைத்து எல்லாவற்றையும் கீழே இழுத்துவிட்டான். எல்லாரும் காதிலிருந்து கையை எடுத்தார்கள்.

“யார்ல உன்னைத் தொடச் சொன்னா?” என்றேன்.

அவன் என் காதோரம் குனிந்து, “அத்தான், ஊளை. மைக் ஊளையிடுது. இம்புட்டு நேரமா,” என்றான்.

அதாவது மைக் கீச்சென்று கத்தியதாம். ஊசி மாதிரிக் கத்தியதாம். கொட்டகையில் கட்டிப் போட்டிருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம். நான் இருந்த இடத்தில் ஒரு சின்ன கீச்சுகூட இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குக் கேட்காத சத்தம் கடைசி வரிசைக் கிழவிக்குக் கேட்குமா? செட் கெட்டுவிட்டது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். சத்தத்தை ஒரே சீராகக் கொடுக்காமல், தூரத்தில் இருப்பவனுக்குக் கூடவும் பக்கத்தில் இருப்பவனுக்குக் குறைத்தும் கொடுக்கிறது. உள்ளே ஏதோ எரிந்து போயிருக்கிறது.

அதற்குப் பிறகு வேலை வரவில்லை. கல்யாண மண்டபத்தில் வேறு ஆளை வைத்தார்கள். காதுகுத்துக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. வருத்தமா? வருத்தம் கிருத்தம் ஒன்றும் இல்லை. கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பேன். ஈ பறக்கும், அதற்கும் சத்தம் இருக்காது. சாயங்காலம் பூட்டுவேன். ஒன்றும் தோன்றாது. பஞ்சு மூட்டைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பஞ்சு மூட்டை ஒன்றும் மோசமான இடம் இல்லையே.

அப்போதுதான் அருள்மேரி வந்தாள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவள், அதனால் அவள் ஒருத்தி மட்டும்தான் மனுஷி மாதிரிப் பேசுவாள். தெருமுனையில் இறங்கும்போதே எனக்குக் கேட்கும்.

“அண்ணாச்சி, செட்டுக்கு பாலிசி எடுத்துருங்க. எப்பவும் வெளியூர் போற சாமான். என்னைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

“சொல்லு, என்னென்ன இருக்கு?”

தம்பி, இதைத்தான் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடையில் இருக்கும்போது மட்டும் செல்லுகிற பாலிசி ஒன்று இருக்கிறது, விலை குறைவு. அதை எடுக்காதீர்கள். நம் சாமான் கடையில் இருந்தால் நாம் பட்டினி என்று அர்த்தம். போகிற இடமெல்லாம் கூட வருகிற பாலிசியைக் கேளுங்கள். அப்புறம், வாங்கிய விலைக்கா, இன்றைக்குப் பழசாக விற்றால் வருகிற விலைக்கா, புதுசு வாங்குகிற விலைக்கா என்று கேட்பார்கள். புதுசு வாங்குகிற விலைக்கு என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

அருள்மேரி விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். “தீ பிடிச்சா ஒண்ணு. திருட்டுப் போனா ஒண்ணு. வண்டியில போகும்போது விழுந்து உடைஞ்சா ஒண்ணு. நாலாவது கொஞ்சம் விலை கூட. கரெண்ட்டு கூடக்குறைய வந்து உள்ள எரிஞ்சு போனா, தானாக் கெட்டா, அதுக்கு. எது எது வேணும்?”

“சத்தம் தேஞ்சா?”

“என்னது?”

“சாமான் அப்படியே இருக்கு. உடையல, எரியல, எவனும் தூக்கிட்டுப் போகல. சத்தம் மட்டும் கொஞ்சங்கொஞ்சமாப் போகுது. அதுக்கு எந்த பாலிசி?”

“தேய்மானத்துக்குக் கிடையாது அண்ணாச்சி. எந்தக் கம்பெனியிலயும் கிடையாது. எல்லாச் சாமானும் தேயத்தான் செய்யும், அதுக்கு யார் குடுப்பா?” என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “மிஷினுக்கு எடுக்கதுக்கு முன்னால ஆளுக்கு ஒண்ணு பாப்பமா? மெடிக்கல் பாலிசி. மொதல்ல ஒரு செக்கப் பண்ணணும், உடம்பு, கண்ணு, காது...”

“நான் என்ன வாடகைக்கா போறேன்?” என்றேன். “எனக்கு எதுக்கு? செட்டுக்கு எழுது. தீ வேண்டாம், திருட்டு வேண்டாம், வண்டி வேண்டாம். அந்த நாலாவது மட்டும் எழுது.”

“திருட்டு வேண்டாமா? எல்லாரும் மொதல்ல அதைத்தான எடுப்பாக?”

“திருட்டுப் போனா தேடலாம்ல. இது எங்க போகுதுன்னே தெரியலியே, எங்க போய்த் தேட?”

அவள் பேனாவை எடுத்து எழுதினாள்.

எழுதிய கையோடு, செட் ஏற்கெனவே கெட்டுப் போய்த்தான் இருக்கிறது, பணம் எப்போது வரும் என்று கேட்டேன். தலையில் கையை வைத்துக்கொண்டாள். “அண்ணாச்சி, நான் இதைக் கேக்கல. நீங்க சொல்லல. பாலிசி எடுத்த பொறவு கெட்டாத்தான் செல்லும்.” சரி, கெடட்டும் என்று காத்திருந்தேன். கார்த்திகை மாதம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, கடை மேல் இடி விழுந்துவிட்டது என்று எழுதிப் போட்டேன்.

இடியா? விழுந்தது. விழுந்தது என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன். எங்கள் தெருவில் மற்றவர்களுக்கு வானம் வெளுத்துத்தான் இருந்தது. எனக்கு மட்டும் விழுகிற இடி அது. சன்னமாக, நாலு ஓட்டுக்கு நடுவில் நூல் மாதிரி இறங்கி, செட்டை மட்டும் தொட்டுவிட்டு, பக்கத்தில் காயப்போட்டிருந்த என் வேட்டியில் ஒரு சுருக்கம் விழாமல் போய்விட்டது.

பாளையங்கோட்டையிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் ஒருத்தர் பார்க்க வந்தார். எட்வின் என்று பெயர். இடியைப் பற்றி நான் சொன்னதைப் பூராவும் கேட்டார், நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று நினைத்தேன். கடைக்குள் வந்து உட்கார்ந்து, கையில் அடங்குகிற ஒரு மீட்டரை மேஜையில் வைத்தார். தன் கம்ப்யூட்டரை என் மிக்ஸரில் இணைத்தார். இசக்கி ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கிறான். ஆவுடை காபி டம்ளரோடு வாசல்படியில் நிற்கிறாள். நான் என் நாற்காலியில்.

முதலில் அடிச் சுரம் ஒன்று விட்டார். நெஞ்சில் வந்து மோதியது. சபாஷ் என்றேன். அதை மெல்ல மேலே ஏற்றினார். ஒரே சுரம், ஏறிக்கொண்டே போகிறது, கிணற்றிலிருந்து வாளி ஏறுகிற மாதிரி. கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏறியது. ஏறியது. ஒரு இடத்தில் சன்னமாயிற்று. நின்றுவிட்டது.

“பாத்தீரா!” என்று எழுந்துவிட்டேன். “நின்னுட்டு! அங்கதான் போச்சு! அங்கதான் இடி விழுந்திருக்கு, எழுதிக்கோரும்!”

யாரும் அசையவில்லை. எட்வின் மீட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இசக்கி முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறான், பல் கூசினவன் மாதிரி. ஆவுடை ஒரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள், இன்னொரு கையில் டம்ளர் இருந்ததால் மற்றக் காதைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். மூன்று பேரும் இன்னும் ஏதோ கேட்பது போல நடிக்கிறார்கள், தம்பி. வெளியே தெருநாய் ஒன்று படுத்திருந்தது. அதுவும் எழுந்து உட்கார்ந்து கழுத்தை மேலே தூக்குகிறது. மனிதர்கள் சேர்ந்துகொள்வார்கள், சரி. நாயை எப்போது பேசி முடித்தார்கள்?

எட்வின் கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். இசக்கி முகம் சரியாயிற்று. ஆவுடை கையை எடுத்தாள். நாய் படுத்தது.

“செட்டு நல்லாயிருக்கு ஐயா,” என்றார் எட்வின். எனக்குக் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. மேலே இருந்து கீழ வரைக்கும் ஒரு குறையும் இல்ல. புதுச் செட்டுகூட இப்படி இருக்காது.” அப்புறம் கொஞ்சம் தயங்கி, “திருநெல்வேலியில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார்...”

“டாக்டர் ஸ்பீக்கர் பாப்பாரா?” என்றேன்.

அவர் சாமானை எடுத்து வைத்துக்கொண்டார். காபியைக் குடித்தார். காபி நன்றாக இருப்பதாக ஆவுடையிடம் சொன்னார். போய்விட்டார்.

செட் நன்றாக இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் மைக்செட்காரனுக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. ஒன்றும் வரவில்லை. அன்றைக்குச் சாப்பாடு என்ன என்றுகூட ஞாபகமில்லை. போட்டிக்காரன் எவனோ அந்த எட்வினுக்குச் சொல்லி வைத்திருக்கிறான் என்று இசக்கியிடம் சொன்னேன். இசக்கி சரி அத்தான் என்றான். அந்த மீட்டர் சீனாச் சாமான் என்று சொன்னேன். சரி அத்தான் என்றான். அவன் எப்போதும் மறுத்துப் பேசுகிற பயல். வயர் சுற்றுகிற திசைக்குக்கூட என்னோடு சண்டை போடுவான். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சரி.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நாள் போயிற்று. இந்த வருஷக் கொடை வந்தது. போன வாரம் இசக்கி கடைக்கு வந்து, இடது பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“பூவாணிக்குளத்துல செட்டு கேக்காவ.”

“கேப்பாவ. கேக்காம எங்க போவாவ?”

“ம்.”

“என்னல ம்? புது மைக் ஸ்டாண்டு எடுத்து வை. வேலுக்கண்ணுகிட்ட நாற்காலிய நிழல்ல போடச் சொல்லணும்.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அத்தான், இந்த வருசம் நீங்க உக்கார வேண்டாம்.”

“யார் சொன்னா? வேலுக்கண்ணா?”

“யாரும் சொல்லல.”

“பேச்சிக்கனியா? அந்தப் பொம்பள, அவரு உக்காந்தா நான் பாட மாட்டேன்னாளா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல அத்தான். நான்தான் சொல்லுதேன்.”

நான் அவனைப் பார்த்தேன். என் கல்யாணத்தன்று என் செருப்பை ஒளித்து வைத்துக் காசு கேட்ட பயல். முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு. அந்த வேலையெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்வேன். ஊர்க்காரர்கள் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஆள் உட்கார்ந்தால் செட் வேண்டாம் என்றிருப்பார்கள். அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

“என்னைக்குக் கொடை?” என்றேன், தெரியாதது மாதிரி.

“அடுத்த செவ்வா.”

“செவ்வாயா? அடடா. செவ்வாய்க்கிழமை எனக்கு முடியாதே. திருநெல்வேலி ஆபீஸ்ல பாலிசி புதுப்பிக்கணும், கடைசி நாள். நானே நேர்ல போயாகணும், அருள்மேரி கண்டிஷனாச் சொல்லிட்டா. உங்கிட்ட எப்படிச் சொல்லன்னுதான் முழிச்சிக்கிட்டு இருந்தேன். நீ உக்காந்துருவியால?”

“உக்காந்துருவேன் அத்தான்.”

“அடிச் சுரத்தைக் கூட்டாத. ஓலைக் கொட்டகை அதிரும்.”

“சரி அத்தான்.”

எழுந்து போனான். வாசலில் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அப்புறம் போய்விட்டான்.

ஆக, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, நான் பஸ்ஸில் இருக்கிறேன். விடிகாலையில் செட்டை வேனில் ஏற்றும்போது ஆவுடை மட்டும் நின்றாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் அவ்வளவு நேரம் குளிக்க முடியுமா என்றால், முடியும். தண்ணீர் இருந்தால் முடியும்.

என்ன? ஏன் பஸ் நிற்கிறது? உட்காருங்கள், உட்காருங்கள், முளைப்பாரி குறுக்கே போகிறது, அவ்வளவுதான். ஐயோ, பூவாணிக்குளம் வந்துவிட்டதா? இந்த பஸ் இந்த வழியாகப் போகும் என்று யாருக்குத் தெரியும். தெரிந்திருந்தால் ராஜபாளையம் போய்ச் சுற்றி வந்திருப்பேன்.

கொஞ்சம் தலையை நகர்த்துங்கள். அதோ தெரிகிறது பாருங்கள், வேப்பமரத்துக்குப் பின்னால் கொட்டகை. கருப்பாக நிற்கிறதே, அதுதான் என் பெட்டி. மேலே ஒரு கூம்பும் கட்டியிருக்கிறான், நான் சொல்லவே இல்லை. அந்தப் பெண்கள் தலையில் பானையோடு குலவை போடுகிறார்கள், வாயைப் பார்த்தால் தெரிகிறது. இசக்கியைத் தெரியவில்லை. உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்தால் இங்கிருந்து தெரியாது.

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டாரா? அதுதான் சீட் நடுங்கவில்லை.

தம்பி, பாட்டு ஓடுகிறதா? இல்லை, என்ன பாட்டு என்று சொல்ல வேண்டாம். சத்தமாகவும் சொல்ல வேண்டாம், வேண்டாம், எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நீங்கள் தொழில்காரர், மைக் பிடிக்கிறவர், அதனால் கேட்கிறேன். குரல் குரலாக இருக்கிறதா? இரைச்சல் இல்லாமல், காதைக் குத்தாமல்? ஜால்ரா தனியாக விழுகிறதா? தலையை ஆட்டினால் போதும்.

அப்படியா.

இன்னொரு தடவை ஆட்டுங்கள்.

சரி. நல்லது. போதும். அருள்மேரியிடம் போய்த் தீ வேண்டும் என்று சொல்லப் போகிறேன். திருட்டும் வேண்டும். வண்டியில் போகும்போது விழுந்தால், அதுவும் இருக்கட்டும், இசக்கி வளைவில் வேகமாகத் திருப்புவான். அந்த நாலாவது ஒன்று இருக்கிறதே, உள்ளே தானாகக் கெட்டுப் போவதற்கு, அதை மட்டும் அடித்துவிடச் சொல்ல வேண்டும். அதற்குப் போய் ஒரு வருஷம் பணம் கட்டினேன் பாருங்கள். செட்டில் ஒரு குறையும் கிடையாது.